பேப் ரூத் சட்டைக்குக் கத்தரி போட்டவர்கள்

2.41 கோடி டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய 200 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் ஒரு பழைய பேஸ்பால் ஜெர்ஸி இந்த விலைக்கு ஏலம் போனது. 1932 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்று) மூன்றாவது ஆட்டத்தில், சிகாகோவின் ரிக்லி மைதானத்தில், அமெரிக்க பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் போட்டிருந்த சாம்பல் நிற ஜெர்ஸி அது. 'இதோ, அங்கேதான் அடிக்கப்போகிறேன்' என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, எல்லை தாண்டிப் போகும் அடி) அடித்தார் என்பார்களே, அதே ஆட்டம். உண்மையிலேயே காட்டினாரா, இல்லை எதிரணிக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பந்து வீசிய சார்லி ரூட், ரூத் அப்படிக் காட்டினார் என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

இதே ஜெர்ஸி 2005-ல் 9.4 லட்சம் டாலருக்குத்தான் போனது. பைத்தியக்காரப் பணம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். இருக்கட்டும். வாங்கியவர் அதை முழுசாக வைத்திருக்கிறார் இல்லையா, எனக்கு அது போதும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. 2003-ல், ரசிகர்கள் சேர்த்து வைக்கும் வீரர் பட அட்டைகளை விற்கும் டான்ரஸ் என்ற நிறுவனம் ரூத்தின் ஜெர்ஸி ஒன்றை 2.64 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எதற்கு? வெட்டுவதற்கு! இரண்டாயிரம் துண்டுகளுக்கு மேல் போட்டு, சேகரிப்பு அட்டைகளுக்குள் ஒட்டி விற்றார்கள். சாதாரண ரசிகனுக்கும் ரூத்தின் ஒரு துளி கிடைக்கட்டுமே என்றொரு நியாயம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு ஜெர்ஸி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்தக் காலத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டித் தைத்தார்கள். அதனால் ஒரு ஜெர்ஸி மாதிரி இன்னொன்று இருக்காது. நெஞ்சில் இருக்கும் அணியின் ஊர்ப்பெயரான 'நியூயார்க்' என்ற எழுத்துகள் பொத்தான் வரிசைக்கு எவ்வளவு தள்ளி விழுகின்றன, எந்த எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று பழைய புகைப்படங்களோடு வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு அங்குலச் சதுரத் துணியை எந்தப் புகைப்படத்தோடு ஒப்பிடுவது?

என்னிடமும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. ரூத் இல்லை, இந்தக் கால ஹோம் ரன் மன்னர் ஒருவருடையது. ஆசை ஆசையாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், உள்ளே இருக்கும் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும் சேர்ந்ததல்ல என்று போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு அந்தத் துணி? என் பனியனிலிருந்து வெட்டியிருந்தாலும் அந்த வாசகம் பொய்யாகாது.

மட்டைகளையும் இவர்கள் விடவில்லை, ரூத்தின் மட்டை உட்பட. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து அருங்காட்சியகத்தில் அவருடைய மட்டை ஒன்று முழுசாக இருக்கிறது. 1927-ல் ஆடியது. அந்த மட்டையால் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் ஒன்றாக, மட்டை நிறுவனத்தின் முத்திரையைச் சுற்றி அவரே 21 கீறல் போட்டு வைத்திருக்கிறார். அட்டைக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால், கீறல் விழுந்த சில்லுக்குத் தனி விலை வைத்திருப்பார்கள்.