ஸ்டீவன்ஸ் கதையை 1945-இல் நிறுத்தாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் உளவாளிகளை விசாரித்த பிரிட்டிஷ் அதிகாரி ராபின் ஸ்டீவன்ஸைப் புகழ்ந்து வந்த பதிவின் கீழ் நேற்று நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: போருக்குப் பின் அவர் பொறுப்பில் இருந்த பாட் நென்டார்ஃப் சிறை பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? 'குறை சொல்லவே வந்துடுவீங்க' என்று தொடங்கி, நெருங்கிப் பழகியவர்களே சேர்ந்து ஏசிவிட்டார்கள்.

அந்த மனிதரை எனக்கும் பிடிக்கும். லண்டனில் லாட்ச்மியர் மாளிகையில், பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-இன் 'கேம்ப் 020' ரகசியச் சிறையை நடத்தியவர். பிடிபட்ட உளவாளிகளைத் தனித்தனியே அடைத்து, அறைகளில் ஒட்டுக்கேட்க மைக் வைத்து, எதிரே நிறுத்திக் கேள்விகளாலேயே நொறுக்குவார். அடி மட்டும் கூடாது. 1940 செப்டம்பரில் வுல்ஃப் ஷ்மிட் என்ற ஜெர்மன் உளவாளியை வெளியிலிருந்து வந்த ராணுவ அதிகாரி ஒருவர் அடித்துவிட்டார். அந்த அதிகாரியை மறுபடி உள்ளே விடவில்லை ஸ்டீவன்ஸ். அதே ஷ்மிட்தான் பிறகு பிரிட்டன் பக்கம் மாறி, 'டேட்' என்ற பெயரில், போர் முடியும்வரை ஜெர்மனிக்குப் பொய்த்தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். அடித்தால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும் என்று ஸ்டீவன்ஸ் எழுதியே வைத்தார்.

அது எவ்வளவு நிஜம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். சித்தப்பா வேலை பார்த்த கடையில் கல்லாவில் பணம் குறைந்தது. குடோனில் உட்காரவைத்து அறைந்தார்கள். 'நான்தான் எடுத்தேன், அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கு' என்றார். மூட்டையெல்லாம் இழுத்துப்போட்டும் ஒன்றும் இல்லை. அடி நின்றால் போதுமென்று வாய்க்கு வந்த இடத்தைச் சொல்லியிருக்கிறார். எடுத்தது முதலாளி மகன் என்பது அப்புறம் தெரிந்தது. சித்தப்பா அதன்பின் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். போருக்குப் பின் ஜெர்மனியில், பாட் நென்டார்ஃப் விசாரணை மையமும் இதே ஸ்டீவன்ஸின் பொறுப்பில்தான் இருந்தது. குளியல் விடுதியைச் சிறையாக மாற்றியிருந்தார்கள். பட்டினி, குளிர், அடி. எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்குப் போன கைதிகள் அங்கே இறந்தார்கள்.

'1948-இல் ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்ததே?' சரி, விடுவித்தது. அவர் கையால் அடித்தார் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் தலைமையில் இருந்த இடம் என்பதையும் சொல்லக் கூடாதா? 'போர்னா அப்படித்தான்.' ஐயா, போர் 1945-லேயே முடிந்துவிட்டது! 'நாஜிக்கு வக்காலத்தா?' சோவியத் உளவாளி என்ற சந்தேகத்தில் பிடித்தவர்களும் அங்கே இருந்தார்கள். நாஜியாகவே இருந்தாலும் பட்டினி போட்டது பட்டினி போட்டதுதான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சித்தப்பா கதையை என் வாயாலேயே கேட்ட அண்ணன் ஒருவர், 'நாலு தட்டு தட்டினாத்தான் உண்மை வரும்' என்று அங்கே எழுதியிருக்கிறார். அடிக்கவே கூடாது என்றவரைப் புகழும் பதிவின் கீழ்! அதற்குச் சிரிப்புக்குறி வேறு. அண்ணா, அந்த வரியை எடுத்துவிடுங்கள். எல்லோர் முன்னாலும்தான் கேட்கிறேன்.