சேமிப்பும் நோயின் பெயரும் இதில் அளவுகோல் அல்ல

இங்கிலாந்தில் சொந்த வீடும் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பும் உள்ளவர்களுக்கு என்.எச்.எஸ். கன்டினியூயிங் ஹெல்த்கேர் (நீண்டகாலப் பராமரிப்புச் செலவை அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். முழுவதுமாக ஏற்கும் திட்டம்) கிடைக்காது என்றும், மறதிநோய் உறுதியானால் அது தானாகவே கிடைத்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. இதை நம்பி எத்தனை குடும்பங்கள் விண்ணப்பிக்காமலேயே வீட்டை விற்றிருக்குமோ என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

அந்த 23,250 பவுண்டு வரம்பு உள்ளாட்சி மன்றத்தின் சமூகப் பராமரிப்புக்கு உரியது. கன்டினியூயிங் ஹெல்த்கேருக்கு வருமானமோ சொத்தோ பார்க்கப்படுவதில்லை. ஒருவருடைய முதன்மைத் தேவை மருத்துவம் சார்ந்ததா என்பதே கேள்வி. நோயின் பெயரும் அதைத் தீர்மானிப்பதில்லை. மூச்சு, நடத்தை, உணவு, நடமாட்டம், தோல் உள்ளிட்ட 12 பிரிவுகளில் தேவையின் தன்மை, தீவிரம், சிக்கல், முன்கூட்டிக் கணிக்க இயலாமை ஆகியவற்றைப் பல்துறைக் குழு மதிப்பிட்டுப் பரிந்துரைக்க, என்.எச்.எஸ். அமைப்பான வட்டார ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம் முடிவெடுக்கிறது.

குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. இரவில் எழுந்து ஆவேசப்படும் ஒருவர், பயிற்சி பெற்ற பணியாளர் அருகிலேயே இருப்பதால் அமைதியாக இருக்கிறார் என்பதற்காக, அவருடைய தேவையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நன்கு சமாளிக்கப்படும் தேவையும் தேவையே என்று தேசிய வழிகாட்டு நெறிமுறை தெளிவாகவே கூறுகிறது. ஆகவே, பராமரிப்பு இல்லத்தின் அன்றாடப் பராமரிப்புக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, மதிப்பீட்டுக் கூட்டத்தில் முன்வையுங்கள். மறுக்கப்பட்டால், முடிவு தெரிவிக்கப்பட்ட 6 மாதங்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம்.