ஒரு மொடியூல் பெயில் எண்டா விசா போகாது, விளங்குதா?

எழுதுவமா விடுவமா எண்டு இருந்தனான். நேற்று இரவு வெளிநாட்டுக்குப் பிள்ளையளை அனுப்புற ஏஜென்சிக்காரர் ஒருத்தரின்ட அந்த லைவ்வைத் திருப்பியும் ஒரு பிள்ளை எனக்கு அனுப்பி "அக்கா இது உண்மையா, நானும் ஒரு பாடம் விட்டிட்டன்" எண்டு கேட்டாப்பிறகு பொறுக்கேலாமல் எழுதுறன். எந்த லைவ் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. திருகோணமலையில போன் வச்சிருக்கிற ஆக்கள் எல்லாருக்கும் வந்திட்டுது. அதுக்கு முதல், அதில கதைபட்ட பெடியன்ட மார்க்ஸ் ஸ்கிரீன்ஷொட்டும் வந்திட்டுது, ஆர் முதல் போட்டது எண்டும் எல்லாருக்கும் தெரியும், ஆனா காளி கோயிலடியில தாயைக் கண்டா மட்டும் "என்ன அக்கா, தம்பி சுகமா இருக்கிறாரோ" எண்டு ஒண்டும் தெரியாத முகத்தோட கேக்கினம்.

நடந்தது என்ன? லண்டனில மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளை, முதல் செமஸ்டரில ஒரு மொடியூல் பெயில். அவ்வளவுதான். அதுக்கு அந்த ஏஜென்சிக்காரர் லைவ்வில வந்து சொல்லுறார், விசா கென்சலாம், பிடிச்சு அனுப்பிப்போடுவாங்களாம், அதனால அடுத்த இன்டேக்குக்குப் பிள்ளையளை எங்களுக்கூடாக அனுப்புங்கோவாம். அந்த "அதனால" எங்கயிருந்து வந்தது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல.

ஒரு மொடியூல் பெயில் எண்டா விசா போகாது. முதல்ல இதை ஒருக்கா சத்தமா வாசியுங்கோ.

யூகேயில மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் 50 எடுத்தா பாஸ், முதல் டிகிரிக்கு 40. அதுக்குக் கீழ வந்தா முதல்ல வாறது ரீசிட். எக்ஸாம் எண்டா திருப்பி எழுதுறது, அசைன்மென்ட் எண்டா திருத்திக் குடுக்கிறது. கூடுதலா கோடை காலத்தில வைப்பாங்கள். என்ன, ரீசிட்டில நீங்க தொண்ணூறு எடுத்தாலும் பாஸ் மார்க்குக்கு மேல ஏத்த மாட்டாங்கள், அதுதான் தண்டனை. கொஞ்சத்தில தவறிப் போய் மற்றப் பாடங்கள் நல்லா இருந்தா, கொம்பென்சேஷன் எண்டு அதையே பாஸாக் கணக்கெடுக்கிற யூனியும் நிறைய இருக்கு. ரீசிட்டும் சரிவராட்டி அந்த ஒரு பாடத்துக்குக் காசு கட்டித் திருப்பிப் படிக்கலாம், விசா நாள் காணாட்டி யூனி புதுசா காஸ் (விசாவுக்கு யூனி தாற உறுதிப் பத்திரம்) தந்தா அங்கயே இருந்து நீடிக்கவும் விதியில இடம் இருக்கு. சில நேரம் அடுத்த எக்ஸாம் வரைக்கும் வகுப்பே இல்லையெண்டா, விசாவுக்கு யூனி குடுக்கிற ஸ்பொன்சரை நிப்பாட்டி ஊருக்குப் போய் இருந்திட்டு வா எண்டும் சொல்லுவாங்கள். அது கஷ்டம்தான், டிக்கெட் காசு, ஊர் வாய், எல்லாம் கஷ்டம்தான், ஆனா அதுவும் கூட நாடுகடத்தல் இல்ல, படிப்பு அப்பிடியே உயிரோடதான் இருக்கு.

எக்ஸாம் நேரம் வருத்தம், வீட்டில சாவு எண்டு ஏதும் இருந்தா அதுக்கெண்டே ஒரு ஃபோர்ம் இருக்கு. டொக்டர் கடிதத்தோட நேரத்துக்குக் குடுத்து அவை ஏற்றா பெயிலான அந்த முதல் எக்ஸாமையே எண்ணாமல் விட்டு, திருப்பி எழுதேக்க முழு மார்க்ஸும் தருவாங்கள். நேரத்துக்கு எண்டது முக்கியம். ஆஸ்திரேலியாவில சில யூனியில எக்ஸாம் முடிஞ்சு மூண்டே வேலை நாள்தான் தருவாங்கள். எங்கட பிள்ளையள் அந்த நேரம் என்ன செய்யுதுகள்? ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்குதுகள். ஏன் ஆருக்கும் தெரியக்கூடாது? உங்கட வட்ஸ்அப் குரூப் இருக்கே, அதுக்குப் பயந்துதான்.

யூகேயில விசா பாக்கிற ஹோம் ஒபிஸுக்கு உங்கட மகன் 48 எடுத்தாரோ 84 எடுத்தாரோ அக்கறையில்ல. பிள்ளை பதிவில இருக்கா, வகுப்புக்கு வருதா, படிப்பில நிக்குதா எண்டதைத்தான் யூனி பாத்து அறிவிக்க வேணும். விசா போறது அங்கதான். நான் இருந்த வீட்டில எங்கட கிழக்குப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் இருந்தான், கெட்டிக்காரன், என்னை விடக் கெட்டிக்காரன். ஒரு பாடம் போச்சு. வீட்டுக்குச் சொல்லேல்ல. தகப்பன் காணி ஈடு வச்சு அனுப்பினவர், எப்பிடிச் சொல்லுறது எண்டு. பிறகு யூனி மெயிலைத் திறக்கிறதை விட்டான், பிறகு வகுப்புக்குப் போறதை விட்டான், வேலைக்கு மட்டும் போவான், கேட்டா ரீடிங் வீக், வகுப்பில்லாத வாசிப்புக் கிழமை எண்டுவான். மாசக்கணக்கா என்ன ரீடிங் வீக்? ரீசிட் திகதி அந்தத் திறக்காத மெயிலுக்குள்ளதான் கிடந்தது. கடைசியில யூனி அவனை நீக்கினது பெயிலுக்கு இல்ல, வராததுக்கு. பிறகு ஹோம் ஒபிஸிலயிருந்து விசாவைக் குறைச்சு 60 நாள் குடுத்துக் கடிதம் வந்தது. அவன் இப்ப எங்க இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டன், சொன்னா அதுக்கும் ஒரு லைவ் போடுவியள்.

ஆஸ்திரேலியா ஆக்களும் எனக்கு மெசேஜ் போட்டவை, அதனால அதையும் சொல்லுறன். அங்க வெளிநாட்டு மாணவருக்கெண்டே சட்டம் இருக்கு, ஈசொஸ் சட்டம் 2000, அதோட நெஷனல் கோட் 2018. பிள்ளை படிப்பில பின்னுக்கு நிக்குது எண்டா யூனி முதல்ல கூப்பிட்டுக் கதைச்சு உதவி செய்ய வேணும், அது அவையின்ட கடமை. ஒரு யூனிட் போனா திருப்பி எடுக்கலாம், லீவு நேர டேர்ம்ல எடுக்கலாம், நியாயமான காரணம் இருந்தா சிஓஇயை, அதுதான் விசாவுக்கு யூனி தாற பதிவுப் பத்திரத்தை, நீட்டலாம். பெரும்பாலும் தொடர்ந்து ரெண்டு செமஸ்டரா பாதிக்கு மேல பெயில் எண்டு போனாத்தான் உண்மையிலயே சிக்கல், அப்பகூட உன்னைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிவிக்கப் போறம் எண்டு எழுத்தில சொல்லி 20 வேலை நாள் மேன்முறையீட்டுக்குத் தர வேணும். அதுக்கும் மேல போக 2025 பெப்ரவரியிலயிருந்து மாணவர் முறைப்பாடு கேக்கிற நெஷனல் ஸ்டூடன்ட் ஒம்பட்ஸ்மன் இருக்கு. அதே மாதிரி இங்கிலாந்து, வேல்ஸுக்கு முறைப்பாடு கேக்க ஓஐஏ எண்டொரு அமைப்பு இருக்கு. யூனியின்ட கடைசிக் கடிதம் கிடைச்சு 12 மாசத்துக்குள்ள போகலாம், சதக் காசு கட்டத் தேவையில்ல. மார்க் காணாது எண்டு அங்க போய் அழ ஏலாது, ஆனா நடைமுறை பிழைச்சிருந்தா, ஆதாரத்தைப் பாக்காமல் விட்டிருந்தா போகலாம்.

இன்னொண்டு. சொந்த நாட்டில பெரிய இயற்கை அனர்த்தம் வந்து பிள்ளையின்ட படிப்பு பாதிச்சா அதுவும் ஆஸ்திரேலியாவில ஒரு காரணமா எடுபடும். 2025 நவம்பர் டித்வா புயல் நேரம் மூதூர்ப் பக்கம் வெள்ளத்துக்குள்ள கிடக்கேக்க, வீட்டுக்கு லைன் கிடைக்காமல் அங்க நித்திரை இல்லாமல் இருந்த எத்தினை பிள்ளையளுக்கு இதை ஆர் சொன்னது? லைவ்காரர் சொன்னவரோ? அவர் அந்த நேரம் வெள்ளத்தில நிண்டு செல்பி போட்டவர்.

இனி கமெண்டில வரப் போறதுகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லுறன், அப்பிடியும் வருவியள் எண்டு தெரியும்.

"அப்ப பெயிலாகுங்கோ எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறீங்களா டீச்சர்." இல்ல. அடுத்தது.

"பெத்தவை எத்தினை லட்சம் செலவழிச்சவை, அவைக்குத் தெரிய வேண்டாமா." தெரிய வேணும். இது நியாயமான கேள்வி, நான் மறுக்கேல்ல. 2022க்குப் பிறகு ரூபா விழுந்த விழுகையில யூகே பவுண்ட் ஒண்டு நாநூறு ரூபாவைத் தாண்டி நிக்குது, நகை, காணி, சீட்டுக் காசு எல்லாம் போயிருக்கு, எனக்குத் தெரியாதா, என்ட அம்மாட தாலிக்கொடியும் அடவுக்குப் போய் வந்ததுதான். பெத்தவைக்குத் தெரியத்தான் வேணும். ஆனா பெத்தவைக்கு. நூத்துக்கணக்கான ஆக்கள் இருக்கிற குரூப்புக்கு இல்ல. அதில இருக்கிற எத்தினை பேர் அந்தப் பெடியனுக்கு ஒரு ரூபா குடுத்தவை? குடுத்தவை எண்டா கேளுங்கோ, உரிமை இருக்கு.

"ஆனா படிக்கிறன் எண்டு போய் வேலைதானே செய்யுதுகள்." ஓம், சிலது செய்யுதுதான். யூகேயில டேர்ம் நேரம் கிழமைக்கு 20 மணித்தியாலம், ஆஸ்திரேலியாவில ரெண்டு கிழமைக்கு 48, அதுக்கு மேல செய்தா உண்மையிலயே விசாவில கை வைப்பாங்கள், பெயிலை விட இதுதான் பயப்பட வேண்டிய விசயம். சரி, அதுகள் ஏன் செய்யுதுகள்? "போனா வேலை செஞ்சே பீஸ் கட்டலாம்" எண்டு சொல்லி அனுப்பினது ஆர்? மெயின் வீதியில பெரிய விளம்பரப் பலகை போட்டுக்கொண்டு, சிரிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையின்ட படம் போட்டு, அந்த வாக்கைக் குடுத்தது ஆர்? பிள்ளை சேர்ந்தா யூனி ஏஜென்டுக்குக் கொமிஷன் குடுக்கும். பிள்ளை பாஸானா ஏஜென்டுக்கு ஒண்டும் கூட வராது, பெயிலானா ஒண்டும் குறையவும் மாட்டுது. அதனாலதான் போன பிறகு எடுக்கிற கோலுக்குப் பதில் இல்ல. இந்த முறை பதிலுக்குப் பதிலா லைவ்வே போட்டிருக்கினம், முன்னேற்றம்தான்.

"அண்ணை விழிப்புணர்வுக்குத்தானே செய்தவர்." விழிப்புணர்வு எண்டா ரீசிட் எண்டொரு சாமான் இருக்கு எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. மேன்முறையீடு எண்டு ஒரு சொல்லு. மாஸ்டர்ஸை முடிக்காமல் 120 கிரெடிட்டோட டிப்ளோமா எடுத்துக்கொண்டு வெளிய வரவும் ஒரு வழி இருக்கு, ஆனா அப்பிடி வந்தா படிப்பு முடிய அங்க நிண்டு வேலை செய்யத் தாற கிராஜுவேட் விசா கிடைக்காது, யோசிச்சு முடிவெடுங்கோ எண்டு சொல்லியிருந்தா நானே ஷேர் பண்ணியிருப்பன். அவ்வளவு நேரம் கத்தினவர், பிரயோசனமா ஒரு வசனம் இல்ல. போன் நம்பர் மட்டும் மறக்காமல் சொன்னவர்.

நான் ஏன் இவ்வளவு கோவப்படுறன் எண்டு கேப்பியள். நானும் ஒரு மொடியூல் பெயில்தான், இதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்ல. ஸ்டாடிஸ்டிக்ஸ். கோடையில ரீசிட் எழுதி முடிச்சு, மாஸ்டர்ஸ் எடுத்து, ஊருக்கு வந்து இப்ப உங்கட பிள்ளையளுக்குத்தான் படிப்பிக்கிறன், சம்பளமும் வாங்குறன். ஆனா அந்த நேரம் செய்தி எப்பிடியோ திருகோணமலை ஓர்ஸ் ஹில் வரைக்கும் வந்திட்டுது. ஒரு மாமி எங்கட அம்மாட்ட "லண்டனில கோப்பை கழுவத்தானாமே போனவ" எண்டு கேட்டிருக்கிறா, கலியாண வீட்டுப் பந்தியில வச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. அம்மா சாப்பாட்டை அப்பிடியே மூடி வச்சிட்டு எழும்பி வந்தவ. அதுக்குப் பிறகு கனகாலம் அம்மா ஒரு விசேஷத்துக்கும் போகேல்ல, கேட்டா முழங்கால் நோவு எண்டுவா. கோப்பை கழுவினது உண்மைதான் மாமி, காசுக்குத்தான் கழுவினனான், களவெடுக்கேல்ல.

பிறகு எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் சாதகம் வாங்கினவை, சரி. சீதனக் கதை கதைச்சவை, அதுவும் இந்த ஊரில புதுசில்ல. பிறகு ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டவை! அதில ஒரு இடத்தில மட்டும் 50 எண்டு கிடக்கிறதைப் பாத்து "இது என்ன, ரிப்பீட்டோ" எண்டு மாப்பிள்ளையே கேட்டார். அவர் ஏஎல் மூண்டாம் ஷையில, மூண்டாம் தரம் எழுதித்தான், பாஸான மனுசன். நான் கேக்கேல்ல அவரை. கேட்டிருக்க வேணும்.

இதுதான் எனக்கு விளங்காத விசயம். எங்கட நாட்டில ஏஎல் மூண்டு தரம் எடுக்கலாம். முதல் ஷை, ரெண்டாம் ஷை, மூண்டாம் ஷை எண்டு வீட்டுக்கு வீடு கதைக்கிறம், மூண்டாம் ஷையில மெடிசின் கிடைச்சா சந்திக்குச் சந்தி பேனர் கட்டுறம், "விடாமுயற்சி" எண்டு மேடையில பேசுறம். இஞ்ச கம்பஸில ரிப்பீட் எழுதாத பட்ச் ஒண்டு காட்டுங்கோ பாப்பம், அங்கயும் ரிப்பீட்டுக்குக் கூடினது சீ கிரேட்தான் குடுப்பாங்கள், அதுக்காக ஆரும் எங்கட கம்பஸ் இருக்கிற கொனேசபுரியில நிண்டு லைவ் போட்டதாத் தெரியேல்ல. அதே பிள்ளை பிளேன் ஏறிப் போய் வேற மொழியில, வேற குளிரில, இரவு வேலையும் செய்துகொண்டு ஒரு பாடம் விட்டா மட்டும் குடும்பத்தின்ட மானம் போகுதாம். ஆற்ற மானம்? உங்கட மானத்தை ஏன் அந்தப் பிள்ளையின்ட மார்க் ஷீட்டில கொண்டு போய் வச்சனியள்?

ஒரு மொடியூல் பெயில் எண்டா விசா போகாது. திருப்பிச் சொல்லுறன். எத்தினை தரமும் சொல்லுவன்.

"நீங்க திரும்பி வந்தனீங்க, அங்க இருக்க ஏலாமத்தானே வந்தனீங்க" எண்டு இப்பவே ஒருத்தர் டைப் பண்ணிக்கொண்டு இருப்பார். இருந்து டைப் பண்ணுங்கோ அண்ணை. எனக்கு என்ட ஊர் பிடிச்சு வந்தனான், உங்களைப் பிடிச்சு வரேல்ல.

பெயிலான பிள்ளையள் ஆராவது இதை வாசிச்சா, முதல்ல யூனி மெயிலைத் திறவுங்கோ, எவ்வளவு பழைய மெயில் எண்டாலும் திறவுங்கோ. ஸ்டூடன்ட் யூனியனில அட்வைஸ் டெஸ்க் இருக்கும், அவையள் யூனிக்கு வேலை செய்யுற ஆக்கள் இல்ல, உங்கட பக்கம் நிப்பினம், இலவசம். டியூட்டருக்கு எழுதுங்கோ. விசா விசயத்தை யூனியின்ட இன்டர்நெஷனல் ஒபிஸில கேளுங்கோ, ரூம்மேட்டிட்டயோ ஏஜென்டிட்டயோ கேக்காதேங்கோ. வகுப்புக்குப் போறதை மட்டும் விட்டிடாதேங்கோ.

என்ன செய்யுறது எண்டு தெரியாட்டி இன்பொக்ஸ் வாங்கோ. எந்தப் பாடம், எவ்வளவு மார்க், ஆற்ற மகன், எந்த ஒழுங்கை எண்டு ஒண்டும் கேக்க மாட்டன். யூனியிலயிருந்து வந்த கடிதத்தில என்ன திகதி போட்டிருக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை இருந்து பாப்பம். ஏஜென்சிக்காரர் வர வேண்டாம், வந்தா புளொக்.