மோகனத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

நம்ம சிங்கப்பூரில் வசந்தம் என்றால் தொலைக்காட்சி ஒளிவழிதான். மற்றபடி வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. ஆனாலும் மற்ற நாடுகளில் வசந்தகாலக் கலை விழா நடக்கும் அதே மாதங்களில்தான் இங்கேயும் கச்சேரிகள் குவிகின்றன. மார்ச்சில் மொசேக் இசை விழா இருந்தது. 2005இலிருந்து 2014 வரை பத்து வருடம் ஓடி நின்றுவிட்டது, எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. ஏப்ரலில் எஸ்பிளனேட் கலையரங்கில் பல சமயங்களின் பக்தி இசை, 2009இலிருந்து. அப்புறம் மே, ஜூன் வாக்கில் சிங்கப்பூர் அனைத்துலகக் கலை விழா. 1977இல் தொடங்கிய விழா அது. 2013இல் ஒரு வருடம் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த வருடம் இந்தப் பெயரோடு திரும்ப வந்தது. சுருக்கமாக சிஃபா. (நம்மவர்களிடம் 'சிஃபாவுக்குப் போகிறேன்' என்றால், 'சிஃபாஸா? பிள்ளைக்கு வீணையா, வாய்ப்பாட்டா?' என்பார்கள். அது 1949இலிருந்து இருக்கும் இந்திய நுண்கலைக் கழகம். இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், என்ன செய்வது.)

கதம்பமாகப் பல ஊர் இசையைக் கொண்டுவந்து வைக்கும் இந்த விழாக்கள் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது, இவற்றையும் நம் சமூக நிகழ்ச்சிகளையும் தொற்றிக்கொண்டிருக்கும் 'பல்லின இசைச் சங்கமம்' என்ற வியாதி. எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரே பாட்டை வாசிக்கவைத்து, கடைசியில் கைகோத்துக் குனிந்து வணங்கவைப்பது. ஒரு சீன இசைக்குழு, ஒரு கொம்பாங் என்ற மலாய்க் கைமுரசு, ஒரு வயலின், ஓரமாக நம்ம மிருதங்கம். ராகம் என்ன என்று கேட்கவே வேண்டாம், மோகனம்தான். நான் கேட்ட பத்துச் சங்கமத்தில் எட்டு மோகனம்.

காரணம் எளிது. சீன இசையின் அடிப்படையான ஐந்து ஸ்வரங்களும் நம்ம மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் காகிதத்தில் ஒன்றுதான். அதனால் இரண்டு தரப்புக்கும் வசதி, ஒத்திகையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகிற வழி ஒன்றா? அவர்கள் குழைக்கும் இடத்தில் நாம் குழைப்பதில்லை, நாம் அசைக்கும் இடத்தில் அவர்கள் அசைப்பதில்லை. எர்ஹூ என்ற சீன வில் வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டே தந்தி, வில்லின் முடி அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும், வில்லைத் தனியாக எடுக்க முடியாது. விரல் அழுத்துவதற்குக் கீழே பலகையும் கிடையாது, விரல் அந்தரத்தில் தந்தியைத் தொடுகிறது. அப்படிப்பட்ட வாத்தியம் தன் போக்கில் அழுதால் கேட்பவனுக்குத் தொண்டை அடைக்கும். அதைக் கூட்டிவந்து ஸரிகபதஸ வாசிக்கவைத்து, நாமும் கூடவே ஸரிகபதஸ வாசித்தால் அது சங்கமமா? இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போகிற கதை.

இதைச் சும்மா சொல்லவில்லை. என் மனைவியின் தம்பி மிருதங்கம் வாசிப்பவன். பகலில் கப்பல் நிறுவனத்தில் கணக்கு, மாலையில் பக்கவாத்தியம். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சங்கமத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள், நல்ல மனதோடு செய்தவர்கள்தான். கூடமாட உதவிக்கு என்று நானும் ஒத்திகைக்குப் போயிருந்தேன். அவன் இரண்டு கட்டை சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தான். பாட்டின் நடுவில் மொத்த இசைக்குழுவும் இரண்டு கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு ஏறியது. சினிமாப் பாட்டில் கடைசிச் சரணத்துக்கு ஏறுமே, அந்த மாதிரி. மிருதங்கம் எப்படி ஏறும்? கல்லும் மரக்குச்சியும் எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிச் சேர்க்கிற வாத்தியம் அது. பாதிப் பாட்டில் 'ஒரு நிமிஷம் பொறுங்க' என்று சொல்ல முடியுமா?

இசைக்குழு நடத்துநரிடம் போய்ச் சொன்னான். அவர் தன்மையாகக் கேட்டுவிட்டு, 'கொஞ்சம் சத்தம் குறைத்து வாசியுங்கள், தெரியாது' என்றார்.

நிகழ்ச்சியன்று நான் ஓரத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரூட்டியின் காற்று நேராக அவன் மேல். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பியிருந்த ரவை காய்ந்துகொண்டே வர, அவன் பாட்டிலில் விரலை நனைத்து நனைத்துத் தடவிக்கொண்டிருந்தான். சுருதி ஏறும் இடம் வந்தது. வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டான். மிச்ச நாலு நிமிடமும் இடது கை மட்டும்தான், தொப்பியில் கும்கும் என்று. வலப்பக்கமான வலந்தலையைத் தொட்டால் சுருதி பேதம் பல்லைக் காட்டும், தொப்பியில் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்திலிருந்த ஒருவர் என்னிடம், 'ஒரு கையாலேயே வாசிக்கிறாரே!' என்று வியந்து கைதட்டினார். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

கையேட்டில் அவன் பெயர் சரியாக இருந்தது. வாத்தியத்தின் பெயர் மட்டும் இல்லை, 'இந்தியத் தாள வாத்தியம்' என்று போட்டிருந்தார்கள்.

சரி, இதற்கு மாற்று என்ன என்று கேட்பீர்கள். கலக்காதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவ்வளவுதான். ஏழு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு இன்னொன்று. நடுவில் நான் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிறேன். என் காதுக்குள் கலக்க வேண்டியது தானாகக் கலந்துகொள்ளும்.

இந்த விஷயத்தில் எஸ்பிளனேட் வெளிப்புற அரங்கு எனக்குக் கோயில் மாதிரி. குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சிக்குப் பேர்போன பழைய சாத்தே கிளப் இருந்த பக்கம்தான். 1995இல் அதை மூடும்வரை அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். 2002இல் டுரியான் பழம் மாதிரியான எஸ்பிளனேட் கட்டடம் திறந்தபோது 'சாத்தே போச்சே' என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். இப்போது வெளிப்புற அரங்கில் பெரும்பாலும் இலவசம், பின்னால் மரினா பே தண்ணீர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரலாம். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

அங்கேதான் ஓர் ஏப்ரல் மாலையில் பாலித்தீவின் கமெலான் என்ற உலோக வாத்தியக் குழுவைக் கேட்டோம். நான், மகள், அதே மச்சான். மகள் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகச் சீன இசைக்குழுவில் இருப்பவள். முதல் ஐந்து நிமிடம் என் காது அடம்பிடித்தது. தம்புராவிலேயே வளர்ந்த காது, எல்லாம் அபஸ்வரமாகக் கேட்டது. மச்சானும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த அபஸ்வரம் நடுங்க ஆரம்பித்தது, தண்ணீரில் விளக்கு நடுங்குமே, அப்படி. முடிந்ததும் மச்சான் விறுவிறுவென்று மேடையோரம் போய் ஒரு கலைஞரைப் பிடித்துக்கொண்டான். அவர் ஒரே மாதிரியான இரண்டு வாத்தியங்களில் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக் காட்டினார். ஒன்று மற்றதைவிட இம்மி தூக்கல். வேண்டுமென்றே அப்படிச் செய்வார்களாம், இரண்டும் உரசினால்தான் ஒலிக்கு உயிர் வருமாம். 'ஓம்பாக்' என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாய் போதுமானதாக இருந்தது. அலை. நாம் வாழ்நாள் முழுக்க எதை ஒழித்துக்கட்டப் பாடுபடுகிறோமோ, அதை அவர்கள் பாடுபட்டு உண்டாக்குகிறார்கள்.

இது எந்தச் சங்கமத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது. அங்கே போயிருந்தால் அந்த அலையை முதலில் சுருதி சேர்த்துக் கொன்றிருப்பார்கள்.

நம்மவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏப்ரல் என்றால் தமிழ்மொழி விழா, சனி ஞாயிறில் எதற்குப் போவது எதை விடுவது என்றே தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சினிமாப் பின்னணிப் பாடகர் வந்தால் இருநூறு வெள்ளி கொடுத்து, தெரிந்த பாட்டையே தெரிந்த மாதிரியே கேட்டுவிட்டு வருகிறோம். முப்பது வெள்ளிக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் 'நமக்கு என்னங்க புரியும்?' 2025இல் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் எல்லாருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று நூறு வெள்ளி கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குத்தான் செல்லும், 2028 கடைசிவரை நேரம் இருக்கிறது. எங்கள் புளோக்கில் விசாரித்தேன், பாதிப் பேர் இன்னும் தொடவே இல்லை. பெயர் தெரியாத ஒன்றுக்கு அதைச் செலவழியுங்களேன். பிடிக்கவில்லையென்றால் கீழே வந்து என்னைத் திட்டுங்கள்.

அன்று மச்சான் அந்தக் கலைஞரிடம் இன்னொன்றும் கேட்டான். 'இது எத்தனை கட்டை? இரண்டா?' பழைய காயம் இன்னும் ஆறவில்லை பாருங்கள். மகள்தான் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துவிட்டு, இந்த செட்டுக்கு இதுதான் சுருதி, அடுத்த ஊர் செட்டுக்கு வேறு என்றார். பிறகு கோத்தேக்கான் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே மெட்டை இரண்டு பேர் பங்குபோட்டு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் அடிப்பது.

எஸ்பிளனேட் நிலையத்தில் வட்டப் பாதை ரயில் ஏறியதும் மாமனும் மருமகளும் தொடையில் தட்டி அதை முயன்றார்கள். தனி ஆவர்த்தனம் வாசித்துப் பழகிய ஆளுக்குப் பாதி மெட்டை வாசிப்பது ஆகாத காரியமாக இருந்தது, அவளுடைய இடத்திலும் இவனே அடித்துக்கொண்டிருந்தான். 'மாமா, அது என்னோடது!' என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சத்தம். தாய் செங் தாண்டித்தான் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஒரு சுற்று முழுசாக வந்தது. அதற்குள் சிராங்கூன் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.