பள்ளி நல்ல பள்ளிதான், வாடகை?
பல்கலைக்கழகம் கைகொடுத்தால் ஏழைப் பகுதியில் எல்லாத் தரப்பும் சேர்ந்து வளரும் என்று ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மேற்குப் பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடு 2001இல் தொடங்கிய பென் அலெக்சாண்டர் அரசுப் பள்ளி அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் சேர்க்கை எல்லைக்குள், அதாவது அங்கே இடம் கேட்கக் குடியிருக்க வேண்டிய வட்டாரத்துக்குள், வீட்டு விலை எகிறிவிட்டது. 2013 ஜனவரிக் குளிரில், மழலையர் வகுப்பில் இடம் பிடிக்க, பதிவுக்குச் சில நாள் முன்பே பெற்றோர் வாசலில் வரிசை கட்டினார்கள். அப்புறம் குலுக்கல் முறை வந்தது. அந்த எல்லைக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு வரிசையும் இல்லை, குலுக்கலும் இல்லை. பழசையும் மறக்க வேண்டாம்: 1960களில் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக பிளாக் பாட்டம் என்ற கறுப்பினக் குடியிருப்பையே காலி செய்த வட்டாரம் இது. 2020இல் இதே பல்கலைக்கழகம் நகரத்து அரசுப் பள்ளிக் கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), ஈய ஆபத்தை நீக்கப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்ததே, அது எவ்வளவோ மேல். அதனால் எந்தத் தெருவிலும் வாடகை ஏறப்போவதில்லை.