தவிட்டைத் தூவாதீர்கள், சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள்

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, குளத்தில் வளர்க்கும் கெண்டை மீன்களுக்குத் தீவனமாகப் போடலாம் என்று மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் காசு மிச்சமாகிறது. தண்ணீரில் தூவினால் பாதி சேற்றில் போய் அழுகிவிடும். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் செய்வதுபோல, துளையிட்ட சாக்கில் நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் குட்டையில் அப்படித்தான். ரோகு கெண்டைகள் முட்டி முட்டித் தின்னும்போது மூங்கில் ஆடுவது கரையிலிருந்தே தெரியும். மறுநாள் சாக்கில் மிச்சமிருந்தால் அன்றைக்கு அளவைக் குறைத்துவிடுவோம். அப்புறம், பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று தயவுசெய்து வாங்காதீர்கள்; அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மீனின் ஈரலைக் கெடுத்துவிடும். புல்கெண்டை விட்டிருந்தால் வரப்புப் புல்லும், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியும் போடுங்கள், தீவனச் செலவு இன்னும் குறையும். காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் மட்டும் அன்று எதுவுமே போடவேண்டாம்.