நீலம் இல்லையென்றால் ஏரி இல்லையா?

“பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் இந்த இடம் நீலமாக இல்லை, ஆகவே இங்கே ஏரியே இருந்ததில்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தவறு.

அந்தத் தாள்களில் நீலம் ஆண்டு முழுக்க நீர் நிற்பதற்கு உரியது. வற்றிப்போகும் ஓடையைக் கறுப்பில்தான் வரைவார்கள். ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் வெடித்துக் கிடக்கும் நம்மூர் ஏரி பிறகு எப்படித் தெரியும்? கரையைப் பாருங்கள்: வில்லாக வளைந்த கோடு, பக்கத்தில் ‘5r’ என்பதுபோல் ஓர் எண் (r என்றால் ‘relative’, அதாவது சார்பு உயரம்). தரைமட்டத்திலிருந்து கரை 5 மீட்டர் உயரம் என்று பொருள் (மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய தாளென்றால் 5 அடி). தண்ணீர் தேங்காத இடத்தில் யார் இவ்வளவு மண்ணைக் கொட்டினார்களாம்?

நிலம் யாருடையது என்பதற்கு மட்டும் இந்தத் தாள் சாட்சியாகாது. அதற்கு வருவாய்த்துறையின் நிலக்கணக்கான கிராம ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.